கவிதா கல்யாணத்து டம்ளர்

செஞ்சி,
9-4-2026, வியாழக்கிழமை.

என் கண்ணு மதுமதிக்கு நைனா ஆசீர்வாதம் பண்ணி எழுதறது. இங்க நான், உங்கம்மா, உன் தங்கச்சி ஜெயஸ்ரீ எல்லாரும் ரங்கநாதர் புண்ணியத்துல நல்லா இருக்கறோம், என் இடுப்பு மட்டும் முக்கால்வாசி நல்லா இருக்குது, அது ஏன்னு அப்புறம் சொல்றேன், இப்பவே பதறாத. அங்க மெல்போர்ன்ல நீ எப்டி இருக்கற, வேளைக்கு சாப்டறியா, குளுரு ஆரம்பிச்சுடுச்சுன்னு ஜெயஸ்ரீ சொன்னா, இங்க சித்திரை பொறக்கறதுக்கு முன்னாடியே வெயிலு மண்டைய பொளக்குது, சாயங்காலம் ஆறு மணிக்கும் கோட்டைப் பக்கத்துலேர்ந்து பஜாருக்கு அனல்தான் வருது. இன்னா இந்தக் காலத்துல நைனா லெட்டர் எழுதறாரேன்னு பாக்காத. போன் பண்ணா நீ எடுக்கறதில்ல, எடுத்தாலும் நாலாவது வார்த்தையில அழுதுடற, நீ அழற சத்தம் கேட்டா எனக்கு சிரிப்பு வந்துடுது, சின்ன வயசுலேர்ந்து உன் அழுகை அப்டி, உடனே நீ நைனா வருத்தத்த மறைச்சுக்கினு சிரிக்கறாருன்னு இன்னும் ரெண்டு பங்கு அழற. வருத்தமும் இல்ல மண்ணும் இல்ல. அதான் கடை பில் நோட்டுக்குப் பின்பக்கமா எழுதறேன், ஜெயஸ்ரீ பக்கம் பக்கமா போட்டோ புடிச்சு அனுப்புவா, காகிதம் பின்னாடி தபால்ல வரும். கடைசிப் பக்கம் வரைக்கும் படிக்காம எனக்கு பதில் போட்டியோ, பிச்சுடுவேன் பாத்துக்க.

நீ தங்கச்சிக்கு அனுப்பின மெசேஜ அவ எனக்குப் படிச்சு காட்டிட்டா, அவள திட்டாத, நான்தான் புடுங்கிப் படிக்க வெச்சேன். பதினெட்டாம் தேதி சனிக்கிழமை உனக்கு அந்தப் பெரிய ஹால்ல ஷோ, முதல் தடவையா ஒரு மணி நேரம் நீ ஒருத்தியா மைக்க புடிச்சு நின்னு ஜனத்த சிரிக்க வெக்கப் போற, நானூறு சீட்டும் தீந்துபோச்சு. கடைசி பத்து நிமிஷம் நம்ம டம்ளர் கதை, அந்த வீடியோவப் பாத்துட்டுதான் ஜனமே டிக்கெட்டு வாங்கியிருக்குது. அதப் போயி நீ எடுத்துடறேங்கற. நைனா டம்ளர்ல பேரு வெட்டினப்ப பண்ண தப்ப வித்து நான் சாப்டறேன், அவர ஊரு சிரிக்க வெச்சுட்டேன், இனிமே எந்த மேடையிலயும் அத சொல்லமாட்டேன், அந்த பத்து நிமிஷத்துக்கு வேற எழுதவும் வரல, பேசாம ஷோவையே கேன்சல் பண்ணிட்டு பழையபடி கம்ப்யூட்டர் வேலைக்கே போயிடலாம்னு இருக்கேன், இதெல்லாம் நீ எழுதினது. ஏண்டி, உனக்கு புத்தி கித்தி கெட்டுப்போச்சா? யாரு உங்கிட்ட நான் அசிங்கப்பட்டேன்னு சொன்னது? எனக்குத் தெரியும் யாருன்னு. துணிக்கடை பீமாராவ்தானே?

பீமாராவ் நல்ல மனுஷன், பஜார் சங்கத்துக்கு தலைவரா வேற இருக்கறாரு, ஆனா பாதி கேட்டுட்டு மீதிய அவரே தெச்சுக்குவாரு. நடந்தது இதுதான். உன் வீடியோ வந்த அன்னிக்கி மத்தியானம் கடையில ஆளு இல்ல, ஜெயஸ்ரீ போன நீட்டினா, நான் ஸ்டூல் மேல ஏறி ஒக்காந்து பாக்கறேன். நீ என்ன மாதிரியே டம்ளர புடிச்சு வெட்டின தூள ப்பூன்னு ஊதற, கண்ணாடிய நெத்தி மேல ஏத்தி வெச்சுக்கினு உங்கம்மாவ கூப்ட்டு உண்ணாமலை என் கண்ணாடி எங்கன்னு கத்தற, அட என் தாயே, எனக்கு மூச்சு நின்னுபோச்சு. அடுத்தது கல்யாணப் பொண்ணோட அண்ணன் தொண்டூர் தங்கராஜ் கடை வாசல்ல வந்து வேட்டிய மடிச்சு கட்ற எடம் வந்துச்சு பாரு, அவ்ளோதான், ஸ்டூலு ஒரு பக்கம் நான் ஒரு பக்கம். பக்கத்துல அடுக்கி வெச்சிருந்த தூக்கு அடுக்கு மொத்தமும் என் மேல. உங்கம்மா உள்ளேர்ந்து ஓடி வந்து முதல்ல தூக்கு எதுனா நசுங்கிச்சான்னு பாத்தா, அப்புறம்தான் என்னப் பாத்தா. டாக்டரு தசை பிசகியிருக்குது, பத்து நாளு படுத்துனு இருங்கன்னுட்டாரு. விழுந்தத பெரியவகிட்ட சொல்லக் கூடாது, அவ டென்ஷன் ஆயிடுவான்னு உங்கம்மா ஆர்டர் போட்டுட்டா. கடையில ஜெயஸ்ரீ ஒக்காந்தா. பீமாராவ் வந்து எங்கம்மா நைனான்னு கேட்டிருக்கறாரு, இவ நைனாவுக்கு முடியல, அந்த வீடியோவப் பாத்ததுலேர்ந்து படுத்துட்டாருன்னு சொல்லியிருக்கறா. பொய்யில்ல, ஒரு வார்த்த பொய்யில்ல. அத கேட்டுட்டு அந்த மனுஷன் நேரா உனக்கு போன் போட்டு உங்க நைனா வெக்கத்துல படுத்த படுக்கையா கெடக்கறாருன்னுட்டாரு. சிரிச்சு விழுந்தவன அழுது விழுந்தவனா ஆக்கிட்டாரு, இதுக்கு நீ தொழில விடறேங்கற.

எனக்கு கோவமே இல்லன்னு நெனச்சுடாத, இருக்குது, நெறைய இருக்குது. அத இப்ப எழுதிடறேன். முதல் கோவம், ஐநூறு டம்ளருன்னு சொல்ற, முன்னூத்தியொண்ணுதான், கல்யாணத்துக்கு யாரும் அப்டி ரவுண்டா வாங்கமாட்டாங்கன்னு பாத்திரக்கடைக்காரன் பொண்ணுக்குத் தெரியாதா? ரெண்டாவது, எனக்கு எங்கடி மீசை இருந்துச்சு, எந்தக் காலத்துல நான் மீசை வெச்சேன், நீ பாட்டுக்கு முறுக்கற. ஜெயஸ்ரீ சொல்றா, மேடையில ஒரு மீசை இருந்தா பின்னாடி ஒக்காந்திருக்கறவனுக்கும் தெரியும் நைனான்னு. சரி, மீசைய விட்டுடறேன், டம்ளர கொறைச்சுக்க. மூணாவது, அந்த வெள்ளக்காரங்களுக்கு நீ அதப் புரிய வெச்சதுதான் எனக்கு ஆச்சரியம், கோவமில்ல, வரிசையில எழுதிட்டேன், அடிக்க மனசு வரல. நம்ம ஊர்லயே வாயில ழவும் ளவும் ஒண்ணுதான், வாளப்பளம்னுதான் கேட்டு வாங்கறோம், இதுல அவங்களுக்கு இன்னா தெரியும்? ஒரே ஒரு எழுத்து, வாயில சொன்னா வித்தியாசமே தெரியாது, எழுதினா குடுக்கறதுக்கு பதிலா அழிக்கறதா ஆயிடும், அப்டின்னு நீ சொல்லிட்டு டம்ளர தூக்கிக் காட்டி ஒரு நிமிஷம் சும்மா நின்ன பாரு. கவிதா – ராஜாங்கம் திருமண அன்பழிப்பு. தாலி கட்டி கைய தொடைக்கறதுக்குள்ள முன்னூத்தியோரு பேருக்கு வெத்தலை பாக்கோட அன்ப அழிச்சு குடுத்தாச்சு. அந்த சும்மா நின்னது எங்க கத்துக்கின? நான் அத மட்டும் ஒம்போது தடவ பாத்தேன்.

இப்ப ஊரு நெலவரம் கேளு. இருபத்தோரு வருஷமா எந்த எந்த வீட்டு பரண்ல கெடந்துச்சோ, அத்தன டம்ளரும் வெளிய வந்துடுச்சு. தளவானூர்லேர்ந்து ஒரு அம்மா, பூவாயின்னு பேரு, பஸ்ஸு புடிச்சு வந்து என் முன்னாடி ரெண்டு டம்ளர வெச்சுட்டு இதுல கூட அந்தத் தப்பு இருக்குதா பாருய்யா, எனக்கு படிக்கத் தெரியாதுன்னுது. இருக்குதும்மான்னேன். அந்த அம்மாவுக்கு வந்த சந்தோஷத்தப் பாக்கணுமே, என்னமோ லாட்டரி விழுந்த மாதிரி எங்க வீட்ல ரெண்டு இருக்குது ரெண்டு இருக்குதுன்னு பஜார் முழுக்க காட்டினு போவுது. மண்டகப்பட்டு மலைக்கோயில் பாக்க வந்த காலேஜ் பசங்க நாலு பேரு கடையத் தேடி வந்து, அங்கிள், எங்களுக்கும் அதே தப்போட ஒரு டசன் வெட்டிக் குடுங்கன்னு நிக்கறாங்க. தெரிஞ்சு தப்பு வெட்டமாட்டேன், அது தொழிலுக்கு துரோகம்னு அனுப்பிட்டேன். உங்கம்மா தலையில அடிச்சுக்கறா. அடிச்சுக்கட்டும், முப்பத்தாறு வருஷம் வெட்டியிருக்கறேன், சீட்டுல இன்னா இருக்குதோ அதுதான் டம்ளர்ல வரும், வெளையாட்டுக்குன்னு வெட்டினதில்ல.

இந்த வேலைய நீ எடுத்தப்ப நாங்க பட்ட பாடு உனக்கு பாதிதான் தெரியும். மெட்ராஸ்ல சாப்ட்வேர் வேலையில இருந்துகினே ராத்திரி ஒரு காபி கடை மாடியில அஞ்சு நிமிஷம் பேசப் போறேன்னு சொன்னப்ப, நான் சொல்லாம கொள்ளாம வந்து கடைசி நாற்காலியில ஒக்காந்தேன், ஞாபகம் இருக்குதா? மொத்தம் பன்னெண்டு பேரு, அதுல ஒம்போது பேரு அடுத்து பேசறதுக்கு காத்துகினு இருக்கறவங்க. நீ பேசின, ஒருத்தன் சிரிக்கல. ஏசி சத்தம்தான் கேட்டுச்சு. நானும் சிரிக்கல. கீழ வந்து நீ டீ குடிச்சுகினே நோட்ட எடுத்து எந்த வரியில ஏசி சத்தம் கேட்டுச்சுன்னு டிக்கு போட்டுனு இருந்த. ஊருக்கு வந்து உங்கம்மாகிட்ட, அவ விடமாட்டா உண்ணாமலை, கடை போட்ட முதல் வருஷம் நான் எப்டி இருந்தேனோ அப்டியே இருக்கறான்னு சொன்னேன். உங்கம்மா அதுக்கப்புறம் கல்யாணத் தரகர் வந்து பொண்ணு இன்னா வேலைன்னு கேட்டா நின்னுகினே பேசற வேலைன்னுவா. டீச்சரான்னா, அதே மாதிரிதான், ஆனா பசங்க காசு குடுத்து வந்து கேப்பாங்கன்னுவா. நாங்க பொய் சொல்லல, உன் வேலை எங்களுக்கு வெளங்கறதுக்கு நாள் புடிச்சுது, அவ்ளோதான். இப்ப நான் உன் வீடியோ எல்லாத்தையும் பாத்துட்டேன், ஒரு விஷயம் சொல்றேன் கேட்டுக்க. நீ பயந்தா வேகமா பேசற. வாடிக்கைக்காரங்க யோசிக்கும்போது நாம வாய மூடினு இருக்கணும், நாம பேச பேச அவங்க அண்டாவ கீழ வெச்சுட்டு போயிடுவாங்க. சனிக்கிழமை மெதுவா பேசு.

இப்பதான் முக்கியமான சமாச்சாரத்துக்கு வரேன். தங்கராஜ் வந்தான். ஆமா, அதே தங்கராஜ், கவிதாவோட அண்ணன், தங்கச்சி கல்யாணத்துல மானம் போச்சுன்னு நம்ம கடை வாசல்ல வேட்டிய மடிச்சு கட்டிக்கினு கத்தினவன். நானும் அவனும் பத்தாங்கிளாஸ் வரைக்கும் ஒரே பெஞ்சு, அன்னிக்கி போனவன் இருபத்தோரு வருஷமா என் முகத்தப் பாக்கல. மார்க்கெட் கமிட்டிக்கு நெல்லு விக்க ஏத்தினு வந்தாகூட டிராக்டர நம்ம தெருவுல விடமாட்டான், சுத்திக்கினு போவான். அவனே போன ஞாயித்துக்கிழமை காலையில கடைக்குள்ள நொழையறான், பின்னாடியே கவிதாவும் ராஜாங்கமும். இன்னிக்கி ஒத விழப்போவுதுன்னு நெனச்சேன். இடுப்பு வலி வேற, ஓடவும் முடியாது. அவன் ஸ்டூல இழுத்துப் போட்டு ஒக்காந்து, என் மூஞ்சியவே பாத்துட்டு, மொதல் வார்த்தையா கேக்கறான், ஏண்டா ஆதி, உம் பொண்ணு என்னப் பத்தி அவ்ளோ நேரம் பேசறா, வேட்டி மடிக்கறா, தொண்டூருங்கறா, எம் பேர மட்டும் ஏன் சொல்லல, ஆஸ்திரேலியாவுல எவனுக்கு தெரியும் அது நான்தான்னு? சத்தியமா சொல்றேன் மது, அவனுக்கு இருந்த ஒரே கொறை அதுதான். கவிதா சிரிச்சு சிரிச்சு கண்ணுல தண்ணி. அவ சொல்றா, எங்க வீட்ல சண்ட வந்தா யாரு மொதல்ல அந்த டம்ளர்ல தண்ணி கொண்டாந்து வெக்கறாங்களோ அவங்க தோத்துட்டாங்கன்னு அர்த்தம், இவரு தான் எப்பவும் வெப்பாருன்னு. ராஜாங்கம் நாங்க ரெண்டு பேரும் அத வெச்சுதான் காலத்த ஓட்டினோம், எங்க மச்சான்தான் வீணா வீம்பு புடிச்சாருன்னான். தங்கராஜும் நானும், ரெண்டு கெழவனுங்களும் நடுக்கடையில மூக்க சிந்திக்கினு ஒக்காந்திருந்தோம். நீ பேசின அந்த பத்து நிமிஷம் இல்லன்னா நாங்க ரெண்டு பேரும் பேசாமலே போய் சேந்திருப்போம்.

அதோட விட்டானா. இன்னொண்ணு கேட்டான், டேய் ஆதி, கோட்டைக்கு இந்தப் பக்கம் பேர் வெட்டறதுல உன்ன மிஞ்ச ஆளில்ல, அந்த ழி எப்டிடா வந்துச்சுன்னு. நான் எப்பவும் சொல்ற மாதிரி கை தவறிடுச்சுடான்னேன். கை ஒரு தடவ தவறும், முன்னூத்தியோரு தடவயா தவறும்னான். நான் கூரைய பாக்கறேன். அப்பதான் காபி கொண்டாந்த உங்கம்மா தட்ட டக்குனு வெச்சுட்டு, இதுக்கு மேல என்னால முடியாது சாமி, போதும் இவரு பழி சுமந்ததுன்னுட்டு உள்ள போயி பீரோ அடியிலேர்ந்து ஒரு அட்டைய எடுத்தாந்து தங்கராஜ் கையில குடுத்துட்டா. அத அவன் பாத்தான், என்னப் பாத்தான், மறுபடியும் அட்டையப் பாத்தான், அப்புறம் அவன் சிரிச்ச சிரிப்புல பீமாராவ் கடையிலேர்ந்து ஆளு வந்துடுச்சு. உங்கிட்ட இத சொல்லலாமா வேணாமான்னு நாலு நாளா இங்க பஞ்சாயத்து. தங்கராஜ் சொல்லாதடா, கொழந்த மனசு கஷ்டப்படும்னான். உங்கம்மா சொல்லுங்கன்னா. நீ தொழிலையே விடறேன்னு எழுதினப்புறம் எனக்கு வேற வழி தெரியல.

அந்த அட்டைய எழுதினது நீ. மூணாங்கிளாஸ் படிச்ச. தங்கராஜ் எழுதிக் குடுத்த சீட்டு எனக்கு ஒரு எழுத்து புரியல, ஸ்கூல் விட்டு வந்தவகிட்ட குடுத்து கண்ணு, இத பெருசா அழகா எழுதிக் குடுன்னேன். நீ ஸ்கெட்ச் பேனாவுல ஸ்கேல் வெச்சு கோடு போட்டு எழுதின, அவ்ளோ அழகு, நான் மிஷினுக்கு எதிர்ல நிறுத்தி வெச்சு எழுத்து எழுத்தா பாத்து வெட்டினேன். வெட்டறவன் வாசிக்கமாட்டான் மது, அதான் இதுல இருக்கற சூட்சுமம், முன்னூத்தியோரு தடவ அந்த ழிய பாத்தேன், ஒரு தடவ கூட படிக்கல, அதனால தப்புல எனக்கும் பங்கு இருக்குது, முழுசா உன் தலையில கட்டல. தங்கராஜ் வந்து கத்தினப்ப நீ கல்லாவுக்கு கீழ யூனிபார்மோட ஒக்காந்து என்னையே பாத்தினு இருந்த. உன் பேர நான் எப்டி சொல்லுவேன்? அன்னிக்கி சொல்லியிருந்தா நீ அப்புறம் பேனாவையே தொட்டிருக்கமாட்ட, அந்த ஒரு பயம்தான் எனக்கு. வேற தியாகமும் இல்ல ஒண்ணும் இல்ல, அத வெச்சு அழ ஆரம்பிச்சுடாத.

ஆகக்கூடி நீ என் தப்ப வித்து சாப்டல, உன் சரக்கதான் நீ விக்கற. எட்டு வயசுல நீ எழுதின ஜோக்குக்கு ஜனம் இப்பதான் சிரிக்குது. அத எடுக்க உனக்கு என்ன உரிமைன்னு நான் கேக்கல, எடுக்க விட எனக்கு மனசு இல்லன்னு சொல்றேன். சனிக்கிழமை அந்த மேடையில ஏறி, இது எங்க நைனா தப்புன்னு இத்தன நாளா சொன்னேன், நேத்துதான் தெரிஞ்சுது யாரு தப்புன்னு, அப்டின்னு ஆரம்பி. சொல்லிட்டு கொஞ்சம் சும்மா நில்லு. அட்டையோட போட்டோ இதுக்கு அடுத்த பக்கம் வரும், பெருசு பண்ணி கீழ் ஓரத்துல பாரு, ஆர்டர் அட்டையில யாருமே போடாதத நீ போட்டிருக்கற. எழுதியவர், A. மதுமதி, மூன்றாம் வகுப்பு ஆ பிரிவு.

ரங்கநாதரும் உண்ணாமலையம்மனும் உனக்குத் தொணையா இருக்கட்டும், நூறு வருஷம் நல்லா இரு, நாக்குல எப்பவும் சிரிப்பு இருக்கட்டும். தொண்டைக்கு சுடுதண்ணி குடி, ஐஸ் தண்ணி தொடாத, ஸ்வெட்டர மேடைக்கு ஏறும்போதுதான் கழட்டணும்னு உங்கம்மா சொல்றா. ஷோ முடிஞ்ச உடனே எத்தன மணியானாலும் போன் பண்ணு, தங்கராஜும் அன்னிக்கி இங்கதான் இருப்பான், அவன் பேர சொன்னியா இல்லியான்னு மொதல்ல அவன்கிட்ட சொல்லிட்டு அப்புறம் எங்ககிட்ட பேசு.

இப்படிக்கு,
நீ எழுதினத அப்டியே வெட்டின
உன் நைனா
ஆதிநாராயணன்